பெர்லினில் வார்த்த பூட்டு

பிளஸ் டூ உயிரியல் படித்தவர்கள் ஒரு முறையாவது இந்தப் படத்தை வரைந்திருப்பார்கள். பள்ளம் விழுந்த ஓர் உருண்டை. அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும் ஒரு சின்னத் துண்டு. உருண்டை நொதி, துண்டு அது வேலைசெய்ய வேண்டிய பொருள். அடியில் 'பூட்டு–சாவிக் கோட்பாடு' என்று எழுதிவிட்டால் மதிப்பெண் உறுதி. பரீட்சையோடு நாம் மறந்துபோகும் அந்தப் படம் இன்னும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மருந்து மூலக்கூறைக் குடுவையில் செய்வதற்கு முன்பே, நோய்க்குக் காரணமான புரதத்தின் பள்ளத்தில் அது பொருந்துமா என்று வேதியியலாளர்கள் கணினியில் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் இதை 'டாக்கிங்' என்பார்கள். அதன் அடியில் இருப்பது அதே பூட்டு, அதே சாவி; வயது மட்டும் நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கியவர்கள், நகல் எடுத்தவர்கள், தப்பாக ஊகித்தும் ஜெயித்தவர்கள் என்று இத்தனை பேர் கைமாறி வந்த எண்ணம் அறிவியலில் அபூர்வம்.

தொடக்கம் சர்க்கரையில். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்களுக்குச் சர்க்கரைகள் தீராத தலைவலி. பாகாக நிற்குமே தவிர லேசில் படிகமாகாது. படிகமாகாத பொருளைப் பிரித்து அடையாளம் காண்பது பெரும்பாடு. ஜெர்மனியின் எமில் ஃபிஷர் இளைஞராக இருந்தபோது, 1875-ல், ஃபீனைல்ஹைட்ரசின் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்திருந்தார். சர்க்கரைக் கரைசலில் அதைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் படிகங்கள் இறங்கின. தலைவலி தீர்ந்தது, ஆனால் அந்தச் சேர்மமே நஞ்சாக ஃபிஷரின் உடம்பில் ஏறி அவரைப் பல காலம் படுத்தியது. அவர் பெர்லினுக்குப் பேராசிரியராக வந்தபின் குளுக்கோஸிலிருந்து செய்த இரண்டு சேர்மங்களை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரே ஒரு கார்பனில் மட்டும் திசை மாறியிருக்கும். ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி முதல் சேர்மத்தை உடைத்தது, இரண்டாவதைத் தொடவே இல்லை. பாதாமிலிருந்து எடுத்த எமல்சின் என்ற நொதி இரண்டாவதை உடைத்தது, முதலாவதைத் தொடவே இல்லை. இத்தனை சின்ன வேறுபாட்டை ஒரு நொதி எப்படிக் கண்டுகொள்கிறது? 1894-ல் ஃபிஷர் பதில் எழுதினார்: நொதியும் பொருளும் பூட்டும் சாவியும்போல ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்.

நொதி என்பது எதனால் ஆனது என்றே அப்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் வியப்பு. அது புரதம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர், அதுவும் 1926-ல். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்த இடக்கைக்காரர் அவர். வலது கையால் எல்லாவற்றையும் புதிதாகப் பழகி, நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் பயற்றிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். பூட்டின் உலோகம் தெரிவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே ஃபிஷர் அதன் துவாரத்தைப் பற்றிப் பேசிவிட்டார்.

இந்த எண்ணத்தை முதலில் கடன் வாங்கியவர் பால் எர்லிக். சாயத் தொழிலின் மாணவர் என்றே அவரைச் சொல்லலாம். சில சாயங்கள் சில செல்களை மட்டும் பிடித்துக்கொள்வதைக் கண்டு வியந்தவர், செல்லின் மேல் 'ஏற்பிகள்' இருக்க வேண்டும் என்றார். ஃபிஷரின் பூட்டை அப்படியே எடுத்து மருந்துக்கு மாட்டினார். கிருமியின் பூட்டுக்கு மட்டும் பொருந்தி, மனிதனின் பூட்டைத் தொடாத சாவி ஒன்று வேண்டும். ஆனால் பூட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதே? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆர்சனிக் சேர்மங்களை வரிசையாகச் சோதித்ததில் 606 என்ற எண்ணிட்டது சிபிலிஸ் கிருமியைக் கொன்றது. 1909-ல் அதைக் கண்டது ஜப்பானிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்து எர்லிக்கிடம் பணிபுரிந்த சஹாச்சிரோ ஹாட்டாவின் கண். அடுத்த ஆண்டே சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மருந்துத் தொழில் அதன்பின் பல பத்தாண்டுகள் இப்படியே நடந்தது: செய், சோதி, தூக்கிப் போடு, மறுபடி செய்.

இதே காலத்தில் இன்னொரு ஓடை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மார்பர்க்கில் ஹான்ஸ் மேயரும் சூரிச்சில் சார்லஸ் ஓவர்டனும், ஒருவர் வேலையை ஒருவர் அறியாமல், தலைப்பிரட்டைகளை மயக்கும் சேர்மங்களை ஆராய்ந்தார்கள். ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ அவ்வளவு நன்றாக ஒரு பொருள் மயக்குகிறது என்று 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருவரும் கண்டார்கள். சாவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போனால்தானே பூட்டை அடையும்! இந்தச் செய்தி அறுபது ஆண்டுகள் கிட்டத்தட்டத் தூங்கியது. எழுப்பியவர் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கார்வின் ஹான்ஷ். அவர் தேடியது மருந்தைக்கூட இல்லை. ராபர்ட் மியூர் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து செடிகளை வளரவைக்கும் ஹார்மோன் சேர்மங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலக்கூறின் அமைப்பை எண்ணாக மாற்றி, அந்த எண்ணை வைத்து அதன் வீரியத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்று 1962-லும், கியோட்டோவிலிருந்து வந்த தோஷியோ ஃபுஜிதாவுடன் 1964-லும் கட்டுரை எழுதினார். ஆலிவ் எண்ணெயின் இடத்தில் ஆக்டனால் என்ற திரவம் வந்தது, அவ்வளவுதான். எண்ணெயில் கரையும் தன்மையைக் காட்ட மருந்து நிறுவனங்களில் இன்றும் 'லாக் பி' என்று தினமும் பேசும் அளவு இந்த வழியில் வந்ததே. 1997-ல் ஃபைசரின் கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி விழுங்கக்கூடிய மருந்துகளுக்கு விதித்த புகழ்பெற்ற ஐந்தின் விதியில், லாக் பி ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது ஒரு வரி. தலைப்பிரட்டையில் தொடங்கிய கணக்கு அது.

பூட்டுக்கு வருவோம். அதைக் கண்ணால் பார்க்க எக்ஸ் கதிர் வேண்டியிருந்தது; எக்ஸ் கதிரின் புள்ளிகளை உருவமாக்கக் கணினி வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினைப் படிகமாக்கி, எட்சாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் கணக்குப் போட்டு, 1958-ல் முதல் புரத வடிவத்தை வெளியிட்டார். குடல்போல் நெளிந்த அந்த உருவம் பலரை ஏமாற்றியது. இயற்கை இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். 1965-ல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸின் குழு லைசோசைம் நொதியின் வடிவத்தைக் கண்டது. அதில் ஒரு பிளவு. பிளவுக்குள் ஒரு சர்க்கரைத் துண்டு உட்கார்ந்திருந்தது. ஃபிஷர் கண்ணால் காணாமல் சொன்ன பள்ளம் எழுபத்தொரு ஆண்டு கழித்துப் படமாக வந்துவிட்டது.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததை நின்று பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952-ல் வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், வருகை தந்திருந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்பது தோலிலும் தசைநாணிலும் இருக்கும் புரதம். தோல் ஆராய்ச்சி நிறுவனமோ பக்கத்திலேயே அடையாற்றில். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் மூன்று இழை முறுக்கிய கயிறாக அதன் வடிவத்தைச் சொன்னார்கள். உடனே இங்கிலாந்திலிருந்து மறுப்பு: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன, அப்படி இருக்க முடியாது என்றனர் கிரிக்கும் ரிச்சும். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை யாரும் ஒழுங்காகக் கணக்கெடுத்ததில்லை. ராமச்சந்திரன் அந்தக் கணக்கிலேயே இறங்கினார். அச்சில் வந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் மேசைக் கணக்குப் பொறியில் கோணம் கோணமாகக் கணக்கிட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கவே முடியாது என்று ஒரே சதுரத்தில் காட்டும் வரைபடம் 1963-ல் வெளியானது. மறுப்புச் சொன்னவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். உலகில் எந்த மூலையில் ஒரு புரத வடிவம் வெளியானாலும் அது சரிதானா என்று பார்க்க இன்றும் முதலில் எடுப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான்.

மூலக்கூறைத் திரையில் முதன்முதலில் சுழற்றியது அமெரிக்க ராணுவத் துறையின் பணம். எம்.ஐ.டி.யில் அந்தப் பணத்தில் நடந்த கணினித் திட்டத்தில் 1960களின் நடுவில் சைரஸ் லெவின்தால், கையளவு உருண்டை ஒன்றைத் திருப்பினால் திரையில் புரதமும் திரும்பும்படி செய்தார். அங்கே பழகியவர்களில் ஒருவர் ராபர்ட் லாங்ரிட்ஜ். இவர் பெயர் மறுபடி வரும். 1971-ல் லாங் ஐலண்டின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரத வடிவங்களுக்கென ஒரு பொதுக் கிடங்கு திறந்தார்கள். கையிருப்பு ஏழே ஏழு. கேட்டவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். எளிய ஏற்பாடுதான். ஆனால் இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமான முடிவு எது என்று கேட்டால், பூட்டுகளின் வடிவத்தைப் பொதுவில் வைத்த இந்த முடிவையே நான் சொல்வேன். பின்னால் வந்த அத்தனை பேரும் இந்தக் கிடங்கில் கைவைத்தவர்களே.

இனி பாம்பு. பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சாய்ந்துவிடுவார். அந்நாட்டின் செர்ஜியோ ஃபெரெய்ரா இந்த விஷத்திலிருந்து எடுத்த சாற்றுடன் 1960களில் லண்டனுக்கு, ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பணியாற்றிய பாக்லே அதைச் சோதித்தபோது, ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை உடம்பில் உண்டாக்கும் நொதியை அது முடக்குவது தெரிந்தது. ஏ.சி.இ. என்று அந்த நொதியைச் சொல்வார்கள். வேன் அப்போது அமெரிக்காவின் ஸ்குயிப் நிறுவனத்துக்கு ஆலோசகர். நியூ ஜெர்சியில் இருந்த அந்த நிறுவனத்தில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த மிகேல் ஓன்டெட்டியும், டேவிட் குஷ்மனும் வேலையில் இறங்கினார்கள். விஷத்திலிருந்து ஒன்பது அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி கிடைத்தது. நோயாளிகளிடம் நன்றாக வேலைசெய்தது. ஆனால் ஊசியாகத்தான் போட வேண்டும், வாயில் போட்டால் வயிறு செரித்துவிடும். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்தை யார் ஊசியாகக் குத்திக்கொள்வார்கள்? திட்டம் சோர்ந்து நின்றது.

1974 மார்ச்சில் அவர்கள் கையில் ஓர் இதழ்க் கட்டுரை சிக்கியது. கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற செரிமான நொதியை ஒரு சின்ன அமிலம் முடக்குகிறது என்று அதில் இருந்தது. இந்தச் செரிமான நொதியின் வடிவம் ஹார்வர்டில் லிப்ஸ்கம்ப் குழுவால் ஏற்கெனவே தெரியவந்திருந்தது: நடுவில் ஒரு துத்தநாக அணு. ஏ.சி.இ.யிலும் துத்தநாகம் உண்டு. செரிமான நொதி சங்கிலியின் நுனியிலிருந்து ஓர் அமினோ அமிலத்தை வெட்டுகிறது, ஏ.சி.இ. இரண்டை வெட்டுகிறது. அப்படியானால் ஏ.சி.இ.யின் பூட்டும் செரிமான நொதியின் பூட்டைப்போலவே, ஒரு கட்டம் மட்டும் நீளமாக இருக்கும்! இருவரும் காகிதத்தில் அந்தப் பூட்டை வரைந்தார்கள். ஒரு முனையில் நேர்மின்னூட்டம், நடுவில் சிறு பைகள், மறுமுனையில் துத்தநாகம். வரைந்த படத்துக்கு ஏற்பச் சாவியை இழைத்தார்கள். முதலில் கிடைத்தது பலவீனமாக இருந்தது. துத்தநாகத்தைத் தொடும் முனையில் கார்பாக்சிலை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்ததும் வீரியம் ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறியது. செய்து பார்த்த சேர்மங்கள் மொத்தம் ஏறக்குறைய அறுபதுதான். எர்லிக்கின் 606-ஐ நினைத்தால் இந்த எண்ணின் அருமை புரியும். 1981-ல் கேப்டோப்ரில் மாத்திரையாக வந்தது.

வந்ததும் நகல்கள். கந்தகத்தால் தோல் தடிப்பும் நாச்சுவை மாறுவதும் வருகின்றன என்று கருதிய மெர்க் நிறுவனம், கந்தகம் இல்லாமலே எனாலாப்ரிலையும் லிசினோப்ரிலையும் செய்தது. ராமிப்ரில், பெரிண்டோப்ரில் என்று குடும்பம் பெருகியது. நம் ஊர் மருந்துக்கடையில் பிரஷருக்கு வாங்கும் 'ப்ரில்' மாத்திரைகள் எல்லாம் அந்தக் காகிதப் படத்தின் வாரிசுகள். காப்புரிமைகள் நிறுவனங்களின் பெயரில் எழுதப்பட்டன. விரியனின் ஊருக்கு அதில் பங்கு எழுதப்படவில்லை. அது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தக் கதைக்கு 2003-ல் ஓர் எதிர்பாராத பின்குறிப்பு வந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் நடேஷ், ரவி ஆச்சார்யா ஆகியோரின் குழு ஏ.சி.இ.யின் உண்மையான வடிவத்தை வெளியிட்டது. பள்ளத்தில் லிசினோப்ரில் பொருந்தி உட்கார்ந்திருந்தது, துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் மொத்த உருவம் கார்பாக்சிபெப்டிடேஸைப்போல் இல்லவே இல்லை; நியூரோலைசின் என்ற வேறொரு நொதியின் சாயலில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூட்டைப் பார்த்து இழைத்த சாவி இந்த வீட்டைத் திறந்திருக்கிறது. கோடிக்கணக்கானவர்களின் ரத்த அழுத்தம் இந்தத் தப்பான உறவுமுறையின் தயவில் அடங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

காகிதத்தில் செய்ததைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வின் கண்ட்ஸ். இயற்பிய வேதியியலாளர். லெவின்தாலின் இடத்தில் பழகிய லாங்ரிட்ஜ் அதே பல்கலைக்கழகத்தில் 1976 முதல் கணினி வரைகலைக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். எம்.ஐ.டி.யின் சுழலும் திரையும், புரூக்ஹேவனின் நாடாவும், ஃபிஷரின் பூட்டும் ஒரே கட்டடத்தில் சந்தித்தன. 1982-ல் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. நிரலின் பெயர் டாக். அதன் உத்தி அழகானது. புரதத்தின் பள்ளத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளால் நிரப்பு. நிரம்பியதும் கிடைப்பது பள்ளத்தின் எதிர்வார்ப்பு, அதாவது வரவேண்டிய சாவியின் தோராய உருவம். இனி ஒரு மூலக்கூறின் அணுக்களை அந்த உருண்டைகளின் மையங்களோடு பொருத்திப் பார். எது முட்டாமல் அடங்குகிறதோ அதற்கு மதிப்பெண் கொடு. மயோகுளோபினில் ஹீம் என்ற சிறு மூலக்கூறு எங்கே உட்கார்ந்திருக்கும் என்று கேட்டார்கள். நிரல் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தது. சாவி வளையாது, பூட்டும் அசையாது என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. 1958-லேயே டேனியல் கோஷ்லாண்ட், நொதி விறைத்த பூட்டாக இருக்க முடியாது, வரும் பொருளுக்கேற்ப நெகிழும் என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சைக் கணக்கில் சேர்க்கும் வலு அன்றைய கணினிகளுக்கு இல்லை.

1981 அக்டோபரில் ஃபார்ச்சூன் இதழ், மெர்க் நிறுவனத்தில் கணினியால் மருந்து வடிவமைப்பதை அடுத்த தொழிற்புரட்சி என்று அட்டையில் போட்டிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் கணினிக்குப் பணம் ஒதுக்கியது. எதிர்பார்ப்பு ஓடிய வேகத்துக்கு மருந்து வரவில்லை. ஹெச்.ஐ.வி. வைரஸின் புரோட்டியேஸ் நொதி வடிவம் 1989-ல் வெளியானதும் கண்ட்ஸின் குழு பத்தாயிரம் மூலக்கூறுகளை அதன் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தது. மேலே வந்தது புரோம்பெரிடால் என்ற மனநோய் மருந்து. அதன் நெருங்கிய உறவான ஹாலோபெரிடாலை வாங்கிச் சோதித்தார்கள். நிஜமாகவே நொதியை முடக்கியது! ஆனால் தேவைப்பட்ட அளவில் கொடுத்தால் நோயாளி தாங்க மாட்டார். எய்ட்ஸ் நோயாளிகளைக் காப்பாற்றிய புரோட்டியேஸ் மருந்துகள், 1995 இறுதியில் வந்த சாக்வினவிர் முதலானவை, வேறு பக்கமிருந்து வந்தன: ரெனின் என்ற நொதியை முடக்கப் பல நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டிலிருந்து. ரெனின் வேறு எதுவுமில்லை, விரியன் கைவைத்த ஏ.சி.இ.க்கு முந்தைய படி. பிரஷருக்குச் செய்து பலிக்காத வேலை எய்ட்ஸுக்குப் பலித்தது.

கணினியின் சொல் கேட்டுப் பிறந்த மருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1960களில் கிரேம் லேவர் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது செத்து ஒதுங்கிய கடற்பறவைகளைக் கண்டார். ஃப்ளூவாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பவளத்திட்டுகள் வரை போய்ப் பறவைகளில் வைரஸ் தேடினார். நியூரமினிடேஸ் என்ற ஃப்ளூ நொதியை அவர்தான் படிகமாக்கினார். மெல்போர்னில் பீட்டர் கோல்மனும் வர்கீஸும் 1983-ல் வடிவத்தைக் கண்டார்கள். மார்க் ஃபான் இட்ஸ்டைனின் குழு அந்தப் பள்ளத்தை ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் குட்ஃபோர்ட் எழுதிய கிரிட் என்ற நிரலிடம் கொடுத்தது. பள்ளத்தின் ஒவ்வோர் இடத்திலும் எந்த வகை அணு நின்றால் நல்லது என்று அந்த நிரல் சொல்லும். முன்பே தெரிந்த, பலவீனமான ஒரு சாவியில் நான்காம் இடத்து ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு நேர்மின்னூட்டமுள்ள குவானிடின் தொகுதியை வை என்ற வழி அதிலிருந்து புலப்பட்டது. வைத்தார்கள், வீரியம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடியது. 1999-ல் சனாமிவிர் சந்தைக்கு வந்தது. ஒரே குறை: மூச்சில் உறிஞ்ச வேண்டும்.

அந்தக் குறையில்தான் கலிஃபோர்னியாவின் கிலியட் புகுந்தது. அதே பொதுக் கிடங்கில் இருந்த அதே பூட்டுதான். ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மை கொண்ட கிளையை ஒட்டி விழுங்கும் மாத்திரையாக்கினார்கள். ரோஷ் அதை டாமிஃப்ளூ என்று சில மாதம் கழித்து அதே ஆண்டில் விற்றது. அதற்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம் கிடைத்தது, நாம் பிரியாணிக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூவில். 2005-ல் பறவைக் காய்ச்சல் பயம் உலகைப் பிடித்தபோது சீனத்து அன்னாசிப்பூவுக்குத் தட்டுப்பாடு. நம் நாட்டில் ஹைதராபாத்தின் ஹெட்டேரோவுக்கு ரோஷ் உரிமம் கொடுத்தது. இந்த இடத்தில்தான் கோஷ்லாண்டின் பழைய பேச்சு உயிர்பெற்றது. டாமிஃப்ளூவின் எண்ணெய்க் கிளைக்கு இடம் கொடுக்க நொதியின் ஓர் அமினோ அமிலம் புரண்டு படுக்கிறது, பூட்டு நெகிழ்கிறது. 2007-08 குளிர்காலத்தில் பரவிய ஃப்ளூ வைரஸ், அந்த அமினோ அமிலம் புரள முடியாதபடி பக்கத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டது. டாமிஃப்ளூ தோற்றது. பூட்டை நகரச் சொல்லாத சனாமிவிர் அதன்மேலும் வேலைசெய்தது.

இதற்குள் நிரல்கள் இலவசமாகிவிட்டன. 1990-ல் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தில் டேவிட் குட்செல்லும் ஆர்தர் ஆல்சனும் தொடங்கிய ஆட்டோடாக், சாவியை வளைத்தும் பார்த்தது. அதன் வாரிசான வீனா 2010-ல் வந்ததும் சாதாரண மடிக்கணினி போதும் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டின் எத்தனையோ மருந்தியல், உயிர்த்தகவலியல் துறைகளில் இன்று முதுநிலை மாணவர்கள் செய்வது இதைத்தான். கிடங்கிலிருந்து புரதத்தை இறக்குவார்கள். தண்ணீர் மூலக்கூறுகளை நீக்குவார்கள். பள்ளத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைவார்கள். மூலிகையில் இருந்து எடுத்த ஒரு சேர்மத்தைக் கொடுத்து ஓடவிடுவார்கள். சில நிமிடங்களில் ஒன்பது வரிகள் வரும். கழித்தல் 8.7, கழித்தல் 8.3 என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண். எண் எவ்வளவு கீழே போகிறதோ பிடி அவ்வளவு இறுக்கம்.

இந்த எண்ணை அப்படியே நம்புவதில்தான் எனக்குக் கவலை. கணக்கு 1.4 கிலோகலோரி பிசகினால் பிணைப்பின் வலு பத்து மடங்கு பிசகிவிடும். இத்தகைய நிரல்களில் 2 கிலோகலோரி பிசகுவது சகஜம். 2020 பிப்ரவரியில் ஷாங்காய் குழு ஒன்று கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் வடிவத்தைக் கிடங்கில் வைத்ததும், உலகமெங்கும் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் பொருத்தினார்கள். கபசுரக் குடிநீரின் சேர்மங்களையும் பொருத்திக் கட்டுரைகள் வந்தன. ஆர்வம் மதிக்கத்தக்கது, ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் திரையோடு நின்றுவிட்டன. நொதி வைத்த குழாயில் அந்தச் சேர்மத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஃபைசரோ 2003-ன் சார்ஸ் காலத்தில் செய்து அலமாரியில் வைத்திருந்த மூலக்கூறை எடுத்து, வடிவத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்து சோதித்து, 2021 டிசம்பரில் நிர்மட்ரெல்விருக்கு அவசர அனுமதி பெற்றது. நம் மாணவர்களுக்கு நிரல் இலவசமாகக் கிடைத்துவிட்டது. சோதிக்க வேண்டிய நொதியும் கூடமும் அப்படிக் கிடைக்கவில்லை. அதுதான் சரிசெய்ய வேண்டிய இடம்.

சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு கண்ட்ஸின் மாணவர் பிரையன் ஷாய்செட் சாட்சி. உக்ரைனின் கீவ் நகரில் ஈனமைன் என்ற நிறுவனம், இன்னும் யாரும் செய்திராத, ஆனால் கேட்டால் சில வாரங்களில் செய்துதரக்கூடிய மூலக்கூறுகளைப் பட்டியலிட்டு விற்கிறது. ஷாய்செட்டின் குழு அந்தப் பட்டியலிலிருந்து 13.8 கோடி மூலக்கூறுகளை மூளையின் டோபமின் டி4 ஏற்பியில் பொருத்திப் பார்த்தது. அவற்றில் 549-ஐச் செய்யவைத்துச் சோதித்தது. அபாரமான இறுக்கத்துடன் பிடிக்கும் புதிய சாவிகள் கிடைத்ததை 2019-ல் வெளியிட்டார்கள். ஆசிரியர் பார்த்தது பத்தாயிரம், மாணவர் பார்த்தது பதின்மூன்று கோடிக்கும் மேல். சோதித்தவை மட்டும் எர்லிக்கின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன.

கடைசித் தாவல் விளையாட்டிலிருந்து. பதினேழு வயதில் தீம் பார்க் என்ற கணினி விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ், சதுரங்கச் சிறுவன். ஆல்ஃபாஃபோல்ட் என்ற நிரலை அவர் நிறுவனம் உருவாக்கியது. 2020-ல் அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்துப் புரதத்தின் வடிவத்தைச் சொன்னது. அது பாடம் படித்தது, ஏழு வடிவங்களோடு தொடங்கிய அந்தப் பொதுக் கிடங்கில். இரண்டே ஆண்டில் 20 கோடிப் புரதங்களின் உத்தேச வடிவம் இலவசமாக இணையத்தில் ஏறியது. 2024-ல் ஹசாபிஸ், ஜான் ஜம்பர், டேவிட் பேக்கர் மூவருக்கும் வேதியியல் நோபல்.

பூட்டை மட்டும் சொன்ன நிரல் அந்த ஆண்டு மே மாதம் பூட்டையும் சாவியையும் சேர்த்தே சொல்லத் தொடங்கியது. ஆல்ஃபாஃபோல்ட் 3 என்ற அந்தப் பதிப்பின் நிரல்வரிகளை முதலில் வெளியிடவில்லை. மருந்து தேடும் சகோதர நிறுவனத்துக்காக வைத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கொதித்துக் கடிதம் எழுதினார்கள். நகல் எடுப்பவர்கள் காத்திருக்கவில்லை. செப்டம்பரில் சாய்-1 வந்தது. நவம்பரில் ஆல்ஃபாஃபோல்ட் 3-ன் நிரலைக் கல்வித்துறைக்கு மட்டும் திறந்துவிட்ட அதே மாதம், போல்ட்ஸ்-1 வந்தது. 2025 ஜூனில் வந்த போல்ட்ஸ்-2, சாவி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதையும் கணிக்கிறது. யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நிரலும் பயிற்சி எண்களும் திறந்தே இருக்கின்றன. அதை எழுதிய இளைஞர்கள் இருந்த இடம், லெவின்தால் கையுருண்டையைத் திருப்பிப் புரதத்தைச் சுழற்றிய அதே எம்.ஐ.டி.